வெள்ளிக்கிழமைப் பீட்சாவும் கன்றுக்குட்டியின் இரைப்பையும்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் வெள்ளிக்கிழமைகளில் பீட்சாக் கடைக்கு வரும் நம் ஆட்கள், மெனுவில் சைவம் என்று பச்சை இலை போட்ட வரிகளைத்தான் முதலில் பார்ப்பார்கள். மச்சம் இல்லை, சரி, ஓடர் பண்ணலாம். உணவகச் சமையலறைகளின் உணவுப் பாதுகாப்பைப் பார்ப்பது என் தொழில். அதனால் பிரிட்ஜைத் திறந்து பக்கற்றுகளைப் படிப்பது பழக்கமாகிவிட்டது. அந்தப் பச்சை இலைக்கு அங்கே இடைஞ்சல் தருவது பெரும்பாலும் கோழியோ பன்றியோ அல்ல, சீஸ்தான்.

பெரும்பாலான சீஸ் வகைகளில் பாலைத் திரளவைக்க ரென்னட் என்ற நொதியம் தேவை. பழைய முறையில் அது பால்குடி மறவாத கன்றை அறுத்து, அதன் நான்காவது இரைப்பையிலிருந்து எடுக்கப்படுவது. 1990 இல் மரபணு மாற்றிய நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரித்த ரென்னட்டை அமெரிக்கா அனுமதித்தது. பீட்சாவில் உருகும் தொழிற்சாலை மொசரெல்லாவில் இன்று பெரும்பாலும் இந்த வகைதான் இருக்கும். ஆகவே மொசரெல்லாவைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை.

கவலை, பரிமாறும்போது மேலே துருவித் தூவுகிறார்களே, அதில். ஐரோப்பிய ஒன்றியம் 1996 இல் பர்மிஜானோ ரெஜானோ என்ற இத்தாலியக் கடினச் சீஸின் (அசல் பர்மசான்) பெயருக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. அந்தப் பெயரோடு விற்பதென்றால் பால், உப்பு, கன்றின் ரென்னட், இவ்வளவுதான் சேர்க்கலாம். அதே மாதிரித் துருவும் கிரானா பதானோவும் கன்று ரென்னட்டில்தான் ஆகிறது. அதில் முட்டை வெள்ளையிலிருந்து எடுத்த லைசோசைம் என்ற நொதியமும் சேர்க்க இடமுண்டு என்பதால் முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். பெக்கொரினோ ரொமானோ என்ற சீஸுக்கு ஆட்டுக்குட்டியின் ரென்னட். வேடிக்கை என்னவென்றால், ஐரோப்பாவுக்கு வெளியே 'பர்மசான்' என்று செய்து விற்கும் சீஸ் சிலவேளை முழுச் சைவமாக இருக்கும். அசல் ஒருபோதும் சைவமில்லை! பெஸ்டோ பாஸ்தாவை இலைதழைச் சாப்பாடு என்று நினைப்பவர்களும் கவனிக்க: வழமையான பெஸ்டோவில் இந்தச் சீஸ்தான் அரைபடுகிறது.

2022 இல் இலங்கையில் டொலர் தட்டுப்பாட்டால் நூற்றுக்கணக்கான பொருட்களின் இறக்குமதி இடைநிறுத்தப்பட்டபோது, வந்ததை வாங்கிச் சமாளிக்கச் சமையலறைகள் பழகிக்கொண்டன. கட்டுப்பாடுகள் தளர்ந்த பிறகும் பழக்கம் போகவில்லை. விலை பார்த்து பிராண்ட் மாறும், மெனு அப்படியே இருக்கும். இலைக்குறி போட்ட நாளில் வாங்கிய சீஸ் வேறு, இன்றைக்குத் தூவுகிற சீஸ் வேறு. போதாததற்கு, பெரிய கட்டியை வெட்டி வெறும் பொலித்தீன் பையில் போட்டு வைப்பார்கள். லேபல் குப்பைக்குப் போய்விடும். கேட்டால் சமையல்காரருக்கே தெரியாது. இதை நான் பெயர்போன இடங்களிலும் பார்த்திருக்கிறேன்.

உரிமையாளர்களுக்கு: வெட்டிய சீஸோடு அதன் லேபலையும் ஒட்டி வையுங்கள். லேபலில் வெறும் 'என்சைம்ஸ்' (நொதியங்கள்) என்று இருந்தால் எந்த வகை என்று விநியோகஸ்தரிடம் எழுத்தில் கேளுங்கள். ஹலால் முத்திரையைச் சைவத்துக்கு அத்தாட்சியாக எடுக்க வேண்டாம். ஹலால் முறையில் அறுத்த கன்றின் ரென்னட்டும் ஹலால்தான். உணவைப் பற்றித் தவறான எண்ணம் தரும்படி விற்பதை 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் தடுக்கிறது. 'எங்களுக்கே தெரியாது' என்பதை நல்ல பதிலாக நான் கருதவில்லை.

சாப்பிடப் போகிறவர்கள் "இது வெஜ்தானே தம்பி?" என்று கேட்டால் "ஓம்" என்றுதான் பதில் வரும். "மேலே தூவுற சீஸின்ர பக்கற்றைக் காட்ட ஏலுமா?" என்று கேளுங்கள். காட்டாவிட்டால், தூவாமல் தரச் சொல்லுங்கள். பன்னா கோட்டா என்ற கிரீம் இனிப்பு வேண்டவே வேண்டாம், அதில் பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும். சைவம் என்று சொல்லி ஏமாற்றினார்கள் என்று தெரிந்தால் பில்லை வைத்துக்கொண்டு பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கலாம், அல்லது அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம்.