ஊட்டியில் 12 என்றால் மேட்டுப்பாளையத்தில் எவ்வளவு?

பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிக்கும் வாசகி ஒருவர் மூன்று மாதக் களப்பயிற்சிக்காக நீலகிரிக்கு வந்திருக்கிறார். துணை சுகாதார நிலையங்களில் சேர்ந்திருக்கும் தாய்சேய் நலத் தரவுகளை ஒப்பிட்டு மதிப்பிடுவது அவருக்குத் தரப்பட்ட வேலை. மலைமேல் எடுத்த ஹீமோகுளோபின் அளவுகளிலிருந்து (நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் எத்தனை கிராம் என்பதே இந்த அளவு) ஒரு கிராமுக்கும் மேலாகக் கழித்துவிட்டு, அதன் பிறகே ரத்தசோகையைக் கணக்கிட வேண்டும் என்று அவருடைய பேராசிரியர் சொல்லியிருக்கிறார். "ஊட்டியில் எட்டாம் மாதக் கர்ப்பிணி ஒருவருக்கு 12 கிராம் என்று கருவி காட்டுகிறது, கிராம சுகாதார செவிலியரும் 12 என்றே எழுதியிருக்கிறார். அதை நான் 10.6 என்று மாற்றி, அவருக்கு ரத்தசோகை என்று முடிவு கட்டினால், அது தரவில் கைவைப்பது ஆகாதா?" என்பது அவருடைய கேள்வி.

கைவைப்பது ஆகாது. ஆனால் ஏன் ஆகாது என்பதை அறிய, பதிவேட்டை மூடி வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் சிறுநீரகத்துக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

மலையேறினால் காற்றில் ஆக்சிஜன் குறையும் என்று பேச்சுவழக்கில் சொல்கிறோம். குறைவது அதன் விகிதம் அன்று, அழுத்தம். காற்றில் ஆக்சிஜனின் பங்கு எங்கும் 21 விழுக்காடுதான். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகமண்டலத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் நுரையீரலுக்குள் போகும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது. உடல் இதற்கு ஈடாக ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணுக்களைக் கூடுதலாக உற்பத்தி செய்கிறது. இதைப் பெரு நாட்டு மலைகளில் வியோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1890 வாக்கிலேயே எண்ணிக் காட்டிவிட்டார். ஆனால், ஆக்சிஜன் குறைந்ததை உடல் எப்படித் தெரிந்துகொள்கிறது என்பது தெளிவாக இன்னும் நூறாண்டு ஆயிற்று. அதைக் கண்டறிந்த செமென்சா, ராட்கிளிஃப், கேலின் ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆக்சிஜனை அளக்கத் தனியாக ஒரு கருவியை உடல் வைத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக, வீண்செலவு போலத் தோன்றும் ஒரு வேலையை நம் செல்கள் இரவுபகலாகச் செய்துகொண்டிருக்கின்றன. 'ஹிஃப்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு புரதத்தை அவை இடைவிடாமல் உருவாக்குகின்றன, உருவாக்கிய சில நிமிடங்களிலேயே அதை அழித்தும் விடுகின்றன. அழிப்பதற்கு முன்னால் அதன்மேல் ஓர் அடையாளம் பொறிக்கப்பட வேண்டும். ஒரு நொதி ஆக்சிஜன் மூலக்கூறைப் பிளந்து, அதிலிருந்து ஓர் அணுவை எடுத்துப் புரதத்தின் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டுகிறது. அந்த ஒட்டைக் கண்டதும் வேறொரு புரதம் வந்து பற்றிக்கொண்டு, செல்லின் குப்பை அரைக்கும் எந்திரத்துக்குள் ஹிஃப்பைத் தள்ளிவிடுகிறது. ஆக, ஒட்டுவதற்கான பசையே ஆக்சிஜன்தான். ஆக்சிஜன் குறைந்தால் ஒட்டு விழாது, ஒட்டு விழாத ஹிஃப் அழியாது, அழியாத ஹிஃப் செல்லின் உட்கருவுக்குள் போய் எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பதற்கான மரபணுவை முடுக்கிவிடும். எலும்பு மஜ்ஜைக்கு 'சிவப்பணுக்களைப் பெருக்கு' என்று ஆணை போவது அந்த ஹார்மோன் வழியாகத்தான். தேவைப்படும்போது ஒரு பொருளைத் தயாரிக்கத் தொடங்குவதற்கு நேரம் பிடிக்கும். எப்போதும் தயாரித்துக்கொண்டே இருந்து, அழிப்பதை மட்டும் நிறுத்துவதற்கோ சில நிமிடங்களே போதும். வீண்செலவு என்று தோன்றிய இந்த ஏற்பாட்டில் இருக்கும் சிக்கனத்தை நினைக்கும் போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இன்னொரு நுட்பமும் இதில் இருக்கிறது. ஒட்டுப்போடும் நொதி வேலை செய்வதற்கு அதன் நடுவில் ஓர் இரும்பு அணு இருந்தாக வேண்டும். ஹீமோகுளோபினுக்கு எந்த இரும்பு வேண்டுமோ, அதே இரும்பு அதன் உற்பத்திக்கு ஆணையிடும் வாசலிலும் காவல் நிற்கிறது.

பெரியவர்களின் உடலில் இந்த ஆணை பெரும்பாலும் சிறுநீரகத்திலிருந்து புறப்படுவதற்குக் காரணம் உண்டு. தசையின் ஆக்சிஜன் தேவை உட்கார்ந்திருக்கும்போது ஒன்றாகவும், தேயிலைக் கூடையுடன் சரிவில் ஏறும்போது வேறாகவும் இருக்கும் என்பதால், அதை வைத்து ரத்தத்தின் நிலையைக் கணிக்க முடியாது. சிறுநீரகத்துக்கு வரும் ரத்தம் கூடினால் அதன் வடிகட்டும் வேலையும் கூடும், ஆக்சிஜன் செலவும் உடன் ஏறும். வரவும் செலவும் சேர்ந்தே ஏறி இறங்குவதால், அங்கே மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனின் அளவு, ரத்தம் எவ்வளவு ஆக்சிஜனைச் சுமந்து வருகிறது என்பதை ஓரளவு நம்பகமாகவே காட்டிவிடும்.

இனி வாசகியின் பதிவேட்டுக்குத் திரும்பலாம். ஊட்டியில் வாழும் பெண்ணின் உடல் 12 கிராம் வைத்திருக்கிறது என்றால், அதில் ஒரு பகுதி உயரத்துக்காகக் கட்டும் வரி. சமவெளியில் அந்தப் பகுதி அவருக்குத் தேவைப்பட்டிருக்காது. 11 கிராமுக்குக் கீழே போனால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை என்ற வரம்பு (நான்கு முதல் ஆறு மாதம் வரை 10.5) கடல்மட்டத்தை வைத்து வகுக்கப்பட்டது. எனவே, வரியைக் கழித்த பிறகே அந்த வரம்போடு ஒப்பிட வேண்டும். முன்பு பின்பற்றிய கணக்கின்படி ஊட்டிக்கு ஏறக்குறைய ஒரு கிராம் கழித்தார்கள். உலகச் சுகாதார அமைப்பு 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2,000 முதல் 2,499 மீட்டர் வரையுள்ள இடங்களுக்கு அது 1.4 கிராமாக உயர்ந்தது. வாசகி குறிப்பிட்ட 10.6 இப்படி வந்ததுதான். இதைவிடப் பெரிய மாற்றம் கூடலூர் போன்ற இடங்களுக்கே நேர்ந்திருக்கிறது. 1,000 மீட்டருக்குச் சற்று மேலே இருக்கும் அவ்வூருக்குப் பழைய கணக்கில் கழிவு 0.2 மட்டுமே, இப்போதோ 0.8. எட்டாம் மாதத்தில் 11.4 உள்ள ஒருவர் பழைய கணக்கில் நலமாக இருப்பவர், புதிய கணக்கில் ரத்தசோகை உள்ளவர். இந்த இடைவெளியைக் கவனிக்காமல் இரண்டு ஆண்டுகளின் அறிக்கைகளை அருகருகே வைத்து, 'கூடலூரில் ரத்தசோகை திடீரென்று பெருகிவிட்டது' என்று எழுதினால், நோயே கூடாமல் நோயாளிகள் கூடிய கதையாகிவிடும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு உயரத்தைக் கழித்த பிறகே தன் ரத்தசோகை எண்களை வெளியிட்டது. அதன் ஐந்தாம் சுற்று (2019-21), தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்றது. துணை சுகாதார நிலையத்தின் கழிக்காத எண்ணை அதனோடு நேரடியாக ஒப்பிடுவது தராசின் ஒரு தட்டில் படிக்கல்லை மாற்றிவைப்பதற்குச் சமம்.

இந்தக் கழிவு மாறாத சட்டம் அன்று. திபெத்திய மேட்டுநிலத்தில் பல ஆயிரம் ஆண்டுகளாக வாழும் மக்களின் ஹீமோகுளோபின் அந்த உயரத்துக்கு எதிர்பார்க்கும் அளவுக்கு ஏறுவதில்லை. அவர்களிடம் ஹிஃப் புரதத்துக்கான மரபணு ஒன்று சற்று மாறியிருப்பதை 2010இல் கண்டறிந்தார்கள். அவர்களுக்கும் ஒரே கழிவைப் போட்டால், நலமாக இருப்பவர்களையும் நோயாளிகளாக்கிவிடுவோம். தலைமுறை தலைமுறையாக நீலகிரியில் வாழும் தோடர், கோத்தர், படுகர் ஆகியோரிடமும் தோட்ட வேலைக்காகப் பின்னால் குடியேறியவர்களிடமும் இதே அளவீட்டைத் தனித்தனியாகச் செய்து பார்ப்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் ஒன்றும் தேவையில்லை. ரத்தக் கருவிகள் வாங்குவதற்குக் கிடைக்கும் பணத்தில் சிறு பங்கு, அக்கருவிகள் தரும் எண்களைப் படிப்பவர்களுக்கும் கிடைத்தால் போதும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

கர்ப்பம் இந்தக் கணக்கில் தன் பங்குக்கும் ஒரு சிக்கலைச் சேர்க்கிறது. கருவுற்றவரின் ரத்தத்தில் பிளாஸ்மா என்ற நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதியளவு கூடுகிறது. சிவப்பணுக்களும் கூடுகின்றன, ஆனால் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. குழம்பில் தண்ணீர் விட்டதுபோல் செறிவு இறங்குவதால்தான் நடு மாதங்களுக்கு மட்டும் வரம்பு 10.5 ஆகிறது. எத்தனையாவது வாரத்தில் எடுத்த அளவு என்று குறிக்காத எண்ணை உயரத்துக்காகத் திருத்தியும் பயனில்லை.

ஹீமோகுளோபின் குறைவு என்றாலே இரும்புக் குறைவு என்று கொள்வதும் கூடலூர், பந்தலூர்ப் பகுதிகளில் சறுக்கிவிடும். அரிவாள் வடிவச் சிவப்பணு நோய் இந்தியாவில் இருப்பதை லேமனும் கட்புஷும் முதன்முதலாகக் கண்டறிந்தது 1952இல், இதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். அந்நோய் உள்ளவரின் சிவப்பணுக்கள் வாழ்நாள் முடியும் முன்பே சிதைந்துபோவதால் ரத்தசோகை வருகிறது. இரும்பு மாத்திரை எத்தனை கொடுத்தாலும் அந்தச் சிதைவு நிற்காது. இருப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் சோதனையும் இந்நோய்க்கான சோதனையும் உடன் இல்லாவிட்டால், பதிவேட்டில் இருக்கும் 9 கிராம் எந்தக் காரணத்தால் 9 ஆயிற்று என்பது தெரியாது.

கர்ப்பிணிக்கு 180 நாள், நாளொன்றுக்கு 60 மில்லிகிராம் இரும்பு என்பது அரசின் திட்டம். மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்ற பேச்சை இன்னும் கேட்கிறேன். குழந்தையின் நிறத்தைத் தீர்மானிப்பது பெற்றோரின் மரபணு, அதில் இரும்புக்கு வேலை இல்லை. பீட்ரூட்டின் சிவப்பு ரத்தமாக மாறும் என்பதும் அதே வகைதான், அது பீட்டாலைன் என்ற சாயம். இவற்றைவிட நீலகிரியில் கவலைக்குரியது தேநீர். அதிலுள்ள பாலிஃபீனால்கள் குடலில் இரும்பைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கின்றன. மாத்திரைக்கும் தேநீருக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விட வேண்டும் என்பதைத் தேயிலைக் காட்டில் வேலை செய்பவரிடம் சொல்வது எளிது, அவர் கடைப்பிடிப்பது அரிது.

வாசகி பழைய ஆண்டுகளின் பதிவேடுகளையும் எடுக்கிறார் என்றால், எண்கள் எப்படிப் பிறந்தன என்று கேட்டுக்கொள்ள வேண்டும். சாலி முறையில் ரத்தத்தை அமிலத்தில் கலந்து, பழுப்பு நிறம் ஒப்பீட்டுக் கண்ணாடியோடு ஒத்துப்போகும் வரை சொட்டுச் சொட்டாக நீர் விட்டுக் கண்ணால் பார்த்து எழுதுவார்கள். அப்படி எழுதிய எண்களில் 10, 11 போன்ற முழு எண்கள் குவிந்து கிடப்பது வழக்கம். வரம்பே 11 என்பதால், குவியலில் எத்தனை பேர் உண்மையில் 10.8 என்பது தெரியாது. பிறப்பு எடையில், எடைக்குறைவுக்கான வரம்பாகிய 2.5 கிலோவிலும் இதே குவியலைப் பார்க்கலாம்.

ஆகவே அவர் செய்ய வேண்டியது, செவிலியர் எழுதிய 12ஐ அழிக்காமல் விட்டுவிட்டு, பக்கத்தில் உயரம், கர்ப்ப வாரம், திருத்திய அளவு என்று புதிய பத்திகளைச் சேர்ப்பது. உயரம் என்ற பத்தியில் துணை சுகாதார நிலையத்தின் உயரத்தை எழுதினால் போதாது. தலைப்பிரசவத்துக்காக ஊட்டியிலிருந்து மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் உள்ள தாய்வீட்டுக்குப் போகும் பெண்ணின் ரத்தத்தில், மலையில் உருவான சிவப்பணுக்களே இன்னும் சில வாரங்களுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாள். எனவே கடந்த மூன்று நான்கு மாதங்கள் அவர் எங்கே தங்கியிருந்தார் என்று கேட்டு, அதற்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும்.