ஏலத்தோட்டத்துத் தமிழைக் கற்கும் மாதிரிகள்

கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்புகளில் மலையேறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோர் பேசும் தமிழ், எழுத்தாகவோ ஒலிப்பதிவாகவோ இணையத்தில் அரிதாகவே கிடைக்கிறது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளோ பெரும்பாலும் இணையத்தில் கிடைப்பதைக் கொண்டே பயிற்சி பெறுகின்றன. ஓப்பன்ஏஐ 2022இல் வெளியிட்ட விஸ்பர் என்னும் பேச்சறி மாதிரிக்கு (பேச்சைக் கேட்டு எழுத்தாக்குவது) 6,80,000 மணி நேர ஒலி ஊட்டப்பட்டது. அதில் ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளுக்கும் சேர்த்துக் கிடைத்தது ஏறக்குறைய 1,17,000 மணி நேரம்தான். அந்தப் பங்கில் தட்டை, சரம், கவாத்து என்று ஏலத்தோட்டச் சொற்களைப் பேசும் குரல்கள் எத்தனை இருந்திருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

மருந்தடிப்பு விவரத்தைத் தொழிலாளி குரல்செய்தியாகச் சொன்னால் அதைக் கணக்கில் ஏற்றும் செயலி ஒன்றை, இடுக்கியின் வண்டன்மேட்டில் நாலைந்து பேர் சேர்ந்து உருவாக்க முனைவதாகக் கொள்வோம். விஸ்பர் போன்ற மாதிரியை அடியிலிருந்து கட்ட அவர்களிடம் பணமும் இல்லை, கணினிகளும் இல்லை. ஆனால் அதன் எடைகள், அதாவது பயிற்சியில் அது கற்றதைத் தாங்கும் எண்கள், எவரும் இறக்கிக்கொள்ளும்படி திறந்திருப்பதால், 2021இல் வெளிவந்த லோரா என்னும் முறை அவர்களுக்குக் கைகொடுக்கும். விஸ்பரின் பெரிய வடிவத்தில் உள்ள 1280-க்கு 1280 அணி (எண்களை வரிசையும் நிரலுமாக அடுக்கிய கட்டம்) ஒன்றில் 16,38,400 எண்கள் உண்டு. லோரா அவற்றைத் தொடாமல், இரண்டு ஒல்லியான அணிகளின் பெருக்கற்பலனை அவற்றோடு கூட்டுகிறது. அந்த ஒல்லி அணிகளின் அகலத்தை 8 என வைத்தால், புதிதாகக் கற்பிக்க வேண்டியவை 20,480 எண்கள், அதாவது எண்பதில் ஒரு பங்கு மட்டுமே.

இதைவிட முக்கியமானது, எது பிழை என்று வரையறுக்கும் அதிகாரம். பேச்சறி மாதிரிகளை வழக்கமாகச் சொற்பிழை வீதத்தால் அளக்கிறார்கள்: மாறிய சொற்கள், விட்டுப்போன சொற்கள், இல்லாமல் நுழைந்த சொற்கள் ஆகியவற்றைக் கூட்டி, உண்மையில் பேசிய சொற்களின் எண்ணிக்கையால் வகுப்பது. அழுகல் நோய்க்கு அடித்த மருந்தின் அளவைத் தவறாகக் கேட்டாலும், பேச்சின் நடுவே வந்த ஓர் ‘அப்புறம்’ விட்டுப்போனாலும், இந்தக் கணக்கில் இரண்டும் ஒரே ஒரு பிழை. தோட்டத்தில் முன்னது பயிரை அழிக்கக்கூடும். பின்னதை யாரும் கவனிக்கப்போவதில்லை. இந்த வேறுபாட்டுக்கு ஏற்ப அளவு, மருந்தின் பெயர், தேதி ஆகியவற்றுக்குத் தனி மதிப்பெண் வைத்து, மாதிரியைச் சோதிக்கும் ஒலிப்பதிவுத் தொகுப்பு உருவாக்குவது, களத்தை அறிந்த சிறு நிறுவனத்தால்தான் முடியும் என்பது என் கருத்து. பயிற்சியில் குரல் கொடுத்தவரையே சோதனையிலும் சேர்த்துவிடக் கூடாது; சேர்த்தால் மாதிரி அந்தக் குரலுக்குப் பழகியதையே திறமை என்று எண்ணிவிடுவோம்.

எல்லைப்பகுதிக்கே உரிய இன்னொரு சிக்கலும் உண்டு. மேற்பார்வையாளர் மலையாளத்தில் கேட்க, தொழிலாளி தமிழில் பதில் சொல்வது அங்கே சாதாரணம். விஸ்பரோ ஒலியை 30 நொடித் துண்டுகளாக எடுத்துக்கொண்டு, ஒரு துண்டுக்கு ஒரு மொழி என்றே குறிக்கிறது. கேள்வியும் பதிலும் ஒரே துண்டில் விழும்போது ஒரு மொழி மற்றதன் எழுத்தில் சிதைந்து வெளிவரக்கூடும். இத்தகைய உரையாடல்களைத் திருத்தமான எழுத்துவடிவத்தோடு தொகுத்துப் பொதுவெளியில் வைத்தால், அடுத்த மாதிரியைக் கட்டுபவர்களுக்குக் குறை எங்கே இருக்கிறது என்று எண்களால் காட்டலாம். அளக்கப்படும் குறையைத்தான் ஆய்வுக்கூடங்கள் முதலில் கவனிக்கின்றன. குரல் கொடுப்பவரிடம் அவருக்குப் புரியும் மொழியில் ஒப்புதல் பெறுவதும், அந்த உழைப்புக்குக் கூலி கொடுப்பதும் இதில் அடக்கம். 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலை வலியுறுத்துகிறது.

தொகுப்பு முழுவதையும் வெளியிடுவதில் ஓர் ஆபத்து உண்டு. இணையத்தில் ஏறியது பின்னொரு நாள் பயிற்சித் தரவில் கலந்துவிட்டால், வரப்போகும் மாதிரி விடையை மனப்பாடமாகவே ஒப்பிக்கும். ஆகவே ஒரு பகுதியை மட்டும் வெளியிட்டு, மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காய் எடுப்புப் பருவத்திலும் புதிய குரல்களைப் பதிவு செய்து சேர்க்க வேண்டியிருக்கும்.