படகு எஞ்சின் சூடேறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசாதீர்கள்

காசல்ரீ, மவுசாக்கலை, கிரகரி வாவி என்று மலையகத்து நீர்நிலைகளில் ஓடும் படகுகளின் எஞ்சின்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். உள்ளே பொருத்திய எஞ்சின் சூடேறுகிறது என்று வருபவர்களில் பலர், வருவதற்கு முன்பே தெர்மோஸ்டாட்டைக் கழற்றியிருப்பார்கள். எஞ்சின் உரிய சூட்டுக்கு வரும்வரை குளிர்விக்கும் தண்ணீரின் வழியை மூடிவைக்கும் சின்ன வால்வுதான் அது. "குளிர் ஊர்தானே அண்ணே, இது எதற்கு?" என்று கேட்பார்கள். குளிர் ஊர் என்பதால்தான் அது கட்டாயம் வேண்டும். அது இல்லாத டீசல் எஞ்சின் இங்கே உரிய சூட்டுக்கு வராது. புகை தள்ளும், எரியாத டீசல் எஞ்சின் எண்ணெயில் கலக்கும், சிலிண்டர் தேயும். சில எஞ்சின்களில் தண்ணீர் குறுக்கு வழியில் சுற்றி, சூடு முன்னைவிடக் கூடிவிடும். சந்தேகமாக இருந்தால் வெந்நீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள். அதில் பொறித்திருக்கும் வெப்பநிலையை ஒட்டித் திறக்கத் தொடங்கினால் அதில் குறையில்லை.

கோளாறு பெரும்பாலும் ஏரித் தண்ணீர் உள்ளே வரும் வழியில்தான் இருக்கும். ஆகவே மீட்டர் முள் ஏறியதும் படகின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். புகைக்குழாயில் புகையோடு தண்ணீர் தாராளமாக வர வேண்டும். குறைந்திருந்தாலோ வெறும் ஆவி வந்தாலோ உடனே எஞ்சினை நிறுத்துங்கள். ஏரித் தண்ணீரை இழுக்கும் பம்புக்குள் சுற்றும் ரப்பர் இறக்கைச் சக்கரமான இம்பெல்லருக்கு அந்தத் தண்ணீர்தான் குளிர்ச்சி, அதுதான் வழுக்கல். தண்ணீரில்லாமல் சுற்றினால் சீக்கிரத்தில் கருகிவிடும்.

அடுத்து, ஏரித் தண்ணீர் உள்ளே வரும் வழியில் இருக்கும் வடிகட்டி. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் தேயிலைச் சரிவுகளின் மண்ணும் மரக்கறித் தோட்டங்களின் மண்ணும் ஏரிக்குத்தான் வந்து சேர்கின்றன. அந்த மாதங்களில் வடிகட்டியைத் தினமும் காலையில் கழுவுங்கள். கழுவியதும் மூடியின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள். அது வெடித்திருந்தால் பம்ப் தண்ணீரோடு காற்றையும் இழுக்கும். வெளியே ஒரு சொட்டும் கசியாததால் பலர் இதைக் கண்டுபிடிப்பதே இல்லை. உறிஞ்சும் குழாய் பழையதென்றால், மெதுவாக ஓடும்போது சரியாக இருந்துவிட்டு, வேகம் கூட்டியதும் தட்டையாகச் சப்பிக்கொள்ளும்.

இம்பெல்லரைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து இறக்கைகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தாலும் அந்தத் துண்டைத் தேடி எடுத்தே ஆக வேண்டும். அநேகமாக அது வெப்பமாற்றியின் (எஞ்சினின் சூட்டை ஏரித் தண்ணீர் வாங்கிக்கொள்ளும் பாகம்) வாயில் சிக்கியிருக்கும். அதை விட்டுவிட்டுப் புது இம்பெல்லர் போடுவது வீண் செலவு. சேற்றுத் தண்ணீர் பம்பின் மூடித்தகட்டையும் அரித்துவிடும். நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் இருந்தால் புது இம்பெல்லரும் சரியாக இழுக்காது.

பின்பக்கம் தண்ணீர் நன்றாக வந்தும் சூடேறினால், பழுது உள்சுற்றில், அதாவது எஞ்சினுக்குள்ளேயே கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) சுற்றிவரும் வழியில் இருக்கலாம். கூலன்ட் மட்டத்தையும் பெல்ட்டையும் பார்த்துவிட்டு, கூலன்டை அழுத்தத்தில் வைத்து அது சீக்கிரம் கொதிக்காமல் தடுக்கும் அழுத்த மூடிக்கு வாருங்கள். மலையில் இதை அலட்சியம் செய்யவே கூடாது. நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால், கடற்கரையில் தாக்குப்பிடிக்கும் அதே எஞ்சின் இங்கே பொங்கி வழியும். எண்ணெய் அளக்கும் கம்பியையும் இழுத்துப் பாருங்கள். எண்ணெய் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. அதற்குமேல் எஞ்சினை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஏரி நடுவில் பொங்கினால் பதறி அழுத்த மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். துடுப்புப் போட்டுக் கரை சேருங்கள், இல்லாவிட்டால் நங்கூரம் போட்டுக் காத்திருங்கள். கையால் தொட முடிகிற அளவுக்கு எஞ்சின் ஆறிய பிறகு, மூடியின்மேல் துணியைப் போட்டு மெல்லத் திருகுங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விட்டுவிடும்.