செயினேஜ்: தமிழில் தொடர்தொலைவு

சாலைப் பணி நடக்கும் இடங்களில் ‘செயினேஜ் 12+400’ என்று எழுதியிருக்கும். பணியின் தொடக்கப் புள்ளியிலிருந்து, சாலைக் கோட்டின் வழியே அளந்து வந்தால் 12 கிலோமீட்டர் 400 மீட்டர் என்று பொருள். கோடு வளைந்தால் அளவும் வளைந்தே வரும்.

சொல்லின் வேர் இரும்புச் சங்கிலி. ‘செயின்’ லத்தீனின் ‘கதேனா’விலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பின்னொட்டு, நாம் தினமும் சொல்லும் ‘மைலேஜ்’ என்பதில் இருப்பதே. 1620-இல் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 66 அடி நீளமும் 100 கண்ணிகளும் கொண்ட அளவைச் சங்கிலியை அறிமுகப்படுத்தினார். அதென்ன 66? பத்துச் சதுரச் சங்கிலி சரியாக ஓர் ஏக்கர் ஆகிவிடும், அதுதான் சூட்சுமம். ஏக்கரில் நூறில் ஒரு பங்கான சென்ட், ஆயிரம் சதுரக் கண்ணி. மனை வாங்குவோரை விழிக்க வைக்கும் 435.6 சதுர அடியின் கதை இதுதான்.

கல்லூரி மைதானத்தில் நில அளவை பழகியபோது நாங்கள் பிடித்தது 20 மீட்டர்ச் சங்கிலி. கண்ணிக்கு 20 சென்டிமீட்டர். முன்னே போகிறவர் ஒவ்வொரு சங்கிலி முடிவிலும் கம்பி அம்பு ஒன்றைக் குத்துவார். பின்னே வருபவர் பிடுங்கிச் சேர்ப்பார். கையில் ஏழு அம்பு, மேலும் 42 கண்ணி என்றால் 148.40 மீட்டர். பேச்சு சுவாரசியத்தில் நான் ஓர் அம்பைப் புல்லிலேயே விட்டுவிட்டேன். வரைபடத்தில் வேப்பமரம் 20 மீட்டர் பின்னால் போய், படிக்கட்டின் நடுவில் முளைத்தது!

புதிதாகப் படிப்பவர்கள் தவறுவது இன்னோர் இடத்தில். மரம் 46.20 மீட்டரிலும் சுவர் முனை 61.80 மீட்டரிலும் இருந்தால், அளக்கும் இடத்திலேயே எழுதும் புலக்குறிப்பேட்டில் இரண்டையும் அப்படியே எழுத வேண்டும். இடைத்தூரமான 15.60-ஐ எழுதக் கூடாது. செயினேஜ் எப்போதும் தொடக்கத்திலிருந்தே எண்ணப்படும். அந்த ஏட்டையும் பக்கத்தின் அடியிலிருந்து மேல்நோக்கித்தான் நிரப்புவார்கள். நடக்கும் திசையும் எழுதும் திசையும் ஒன்றாக இருக்கட்டுமென்று.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘சங்கிலித் தூரம்’ என்றால் ஒரு சங்கிலியின் நீளமோ என்று தோன்றும். தவிர, இன்று டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவியில் அளப்பவர் கையில் சங்கிலியே இல்லை. ‘தொடர்தொலைவு’ என்பதே என் தேர்வு. விட்ட இடத்திலிருந்து கூடிக்கொண்டே போகும் தொலைவு என்ற கருத்து அதில் வந்துவிடுகிறது. சங்கிலியும் போய்விடவில்லை: ‘தொடர்’ என்பதே சங்கிலிக்குப் பழந்தமிழ்ப் பெயர். புறநானூற்றின் 74-ஆம் பாட்டில் ‘தொடர்ப்படு ஞமலி’ வருகிறது. சங்கிலியில் கட்டுண்ட நாய்.

எழுதும்போது: ‘தொடர்தொலைவு 12+400-இல் சிறுபாலம்.’