தெர்மல் ஸ்கேன் சூட்டைத்தான் பார்க்கும், கட்டியை அல்ல

வலிக்காது, கதிர்வீச்சு கிடையாது, யாரும் தொடமாட்டார்கள். மார்பகப் புற்றைத் தேடத் தோல் சூட்டைக் கேமராவில் படமெடுக்கும் தெர்மல் ஸ்கேன் பற்றிச் சொல்லப்படும் இந்த மூன்றும் உண்மைதான். கூச்சத்தால் மார்பகப் பரிசோதனையை வருடக்கணக்கில் தள்ளிப்போட்ட அம்மணிகள்கூட இதற்கு வருவார்கள். ஆனால் "படத்தில் சிவப்பு இல்லை, பயமில்லை" என்று வீடு திரும்புவதில்தான் ஆபத்து.

புற்றுக்கட்டி வளரும்போது தனக்கென்று புது ரத்தக்குழாய்களை இழுத்துக்கொள்ளும். அதனால் மேல்தோலில் சூடு கொஞ்சம் கூடலாம். 1956-இல் கனடா மருத்துவர் ரே லாசன் இதைக் கவனித்து எழுதினார். கேமரா அளப்பது அந்தத் தோல் சூட்டை மட்டுமே. சூடான இடத்துக்குச் சிவப்பு, குளிர்ந்த இடத்துக்கு நீலம் என்பது கணினி பூசுகிற நிறம்.

தோல் சூடு எதற்கெல்லாம் மாறும் என்று பாருங்கள். காங்கேயத்தில் வெயிலில் பஸ் ஏறி வந்தால் மாறும். பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிள் முன்னால் ஷிஃப்ட் முடித்து வந்தாலும், தலைக்குக் குளித்த ஈரம் மார்பில் சொட்டினாலும் மாறும். மஞ்சள், எண்ணெய், பவுடர் எதுவும் பூசியிருக்கக் கூடாது. அறை 20 முதல் 23 டிகிரிக்குள் இருக்கவேண்டும். மேலாடை இல்லாமல், கைகள் உடம்பில் படாமல், கால்மணி நேரம் உட்கார்ந்து உடம்பு ஆறவேண்டும். ஃபேன் ஓடுகிற கல்யாண மண்டபத்தில் வரிசையில் நிற்கவைத்து எடுத்த படத்தை நம்பமுடியாது.

எல்லாம் சரியாகச் செய்தாலும் தவறும். பால்கட்டு, சீழ், காய்ச்சல் சிவப்பாகக் காட்டி வீணாகக் கலங்கடிக்கும். கொழுப்புக்கு அடியில் ஆழமாக இருக்கும் கட்டியும், மெதுவாக வளரும் கட்டியும் சூடே காட்டாமல் தப்பிவிடும். மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கும் மேமோகிராமில் உப்புத்தூள் சிதறினாற்போல் தெரியும் சுண்ணாம்புப் புள்ளிகள், ஆரம்பப் புற்றுக்குச் சில சமயம் அதுதான் ஒரே தடயம், இதில் தெரியவே தெரியாது. 1982-இல் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் அனுமதிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. தெர்மல் ஸ்கேனைத் துணைக்கருவியாகத்தான் அனுமதித்தது. மேமோகிராமுக்கு மாற்றாக விளம்பரப்படுத்தக் கூடாது என்று 2019-இலும் எச்சரித்தது.

ஆகவே 30 தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கையால் பார்க்கும் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். இலவசம்தான். 50 வயதிலிருந்து இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மேமோகிராம். அம்மாவுக்கோ அக்காவுக்கோ வந்திருந்தால் எப்போது தொடங்குவது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேளுங்கள். கட்டி, புதிதாக உள்ளிழுத்த காம்பு, காம்பில் ரத்தக்கசிவு, ஆரஞ்சுத்தோல் போலக் குழிவிழுந்த தோல், அக்குள் வீக்கம் இவற்றில் ஒன்று இருந்தாலும் தெர்மல் ஸ்கேன் பக்கம் போகவே வேண்டாம். நேராக மேமோகிராம், இளவயதானால் முதலில் அல்ட்ராசவுண்ட். "வலிக்கலையே" என்று விட்டுவிடாதீர்கள். புற்றுக்கட்டி பெரும்பாலும் வலிக்காது.

ஊசி குத்தினால் பரவிவிடும் என்று ஊரில் சொல்வதைக் கேட்டு, கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்சியைத் தள்ளாதீர்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் சதை எடுப்பார்கள், எடுத்த அன்றே வீட்டுக்குப் போகலாம்.

மேமோகிராம் ஒரு மார்புக்கு இரண்டு படம். தட்டு அழுத்துவது சில நொடிகள்தான். மாதவிலக்கு முடிந்த வாரத்தில் போனால் வலி குறையும். அன்றைக்குப் பவுடர் போடாதீர்கள், படத்தில் அதுவும் புள்ளியாக விழலாம். போன தடவை எடுத்த படங்களை மஞ்சப்பையில் போட்டு மறக்காமல் கொண்டுபோங்கள். புதிதாக வந்தது எது என்று அவற்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்லமுடியும்.