தீவுச் சுண்டெலிகளும் ஒரு தன்னல மரபணுத் தொகுதியும்

“ஆளில்லாத தீவில் சுண்டெலிகள் பெருகினால் யாருக்கு என்ன நட்டம்? அவற்றை ஒழிக்க மரபணுவில் கைவைக்கும் அளவுக்குப் போகத்தான் வேண்டுமா?” என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

கேள்வியின் முதற்பாதிக்குக் கஃப் தீவு விடை சொல்லும். தென் அட்லாண்டிக் கடலில் பிரிட்டனின் ஆளுகைக்கு உட்பட்ட இத்தீவுக்கு 19ஆம் நூற்றாண்டில் கடல்நாய் வேட்டைக் கப்பல்களோடு சுண்டெலிகள் வந்து சேர்ந்தன. தரையில் வாழும் பாலூட்டி எதுவும் இல்லாத சூழலில் பரிணமித்த டிரிஸ்டன் ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் குஞ்சுக்கு, முதுகில் ஏறிக் கடிக்கும் சுண்டெலியை எதிர்க்கத் தெரியாது. கூட்டை விட்டு நகரவும் தெரியாது. முதல் இரவில் கடித்த புண்ணையே அடுத்தடுத்த இரவுகளிலும் தேடி வந்து தின்று, தம்மைவிட நூறு மடங்குக்கும் மேல் எடையுள்ள குஞ்சைச் சுண்டெலிகள் கொன்றுவிடுகின்றன. அத்தீவில் ஆண்டுதோறும் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட கடற்பறவை முட்டைகளும் குஞ்சுகளும் இப்படி அழிகின்றன என்று 2018இல் வெளியான மதிப்பீடு கூறுகிறது.

இதற்கு இன்றுள்ள வழி, ஹெலிகாப்டரிலிருந்து புரோடிபேக்கம் என்ற நஞ்சு கலந்த இரையைத் தீவு முழுவதும் தூவுவது. இரத்தம் உறைவதைத் தடுத்து மெல்லக் கொல்லும் நஞ்சு அது. தெற்கு ஜார்ஜியா தீவு இம்முறையால் 2018இல் எலியற்றதாக அறிவிக்கப்பட்டது. கஃப் தீவிலும் 2021இல் இரை தூவப்பட்டது. ஆனால் அவ்வாண்டு முடிவதற்குள் உயிருள்ள சுண்டெலி மீண்டும் தென்பட்டது. சினையுற்ற ஒரே ஒரு பெண் தப்பினாலும் அத்தனை உழைப்பும் வீணாகிவிடும். மேலும், மக்களும் கால்நடைகளும் வாழும் தீவில் இந்த நஞ்சைத் தூவுவது எளிதன்று. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹவ் தீவில், நஞ்சு வேண்டுமா வேண்டாமா என்று ஊரே இரண்டுபட்டுப் பல ஆண்டுகள் விவாதித்த பிறகே, 2019இல் பணி நடந்தது.

கொல்லாமல், பிறப்பையே தடுத்தால் என்ன? ஒரு மரபணு மாற்றத்தைச் சில சுண்டெலிகளில் புகுத்தித் தீவில் விட்டால் அது தானாகப் பரவிவிடாது. எந்த மரபணுவின் பிரதியும் குட்டிகளில் பாதிக்குத்தான் போய்ச் சேரும். அது இனப்பெருக்கத்தைக் கெடுக்கும் மாற்றமாக இருந்தால், சில தலைமுறைகளில் மறைந்தும் போகும். பாதி என்ற இந்த விதியை மீறும் ஏற்பாட்டுக்குத்தான் மரபணு உந்தம், அதாவது ஜீன் டிரைவ், என்று பெயர். டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கருவியான கிரிஸ்பரை மட்டுமே கொண்டு அதைச் சுண்டெலியில் உண்டாக்கும் முயற்சி, 2019இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வில் பெண்களில் ஓரளவே பலித்தது, ஆண்களில் பலிக்கவில்லை. ஆனால் வீட்டுச் சுண்டெலி, அந்த விதியை மீறும் ஓர் ஏற்பாட்டை ஏற்கெனவே தன் உடலில் சுமந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் டி-ஹாப்லோடைப்.

17ஆம் குரோமோசோமின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அடைத்துக்கொண்டிருக்கும் மரபணுத் தொகுதி இது. 1927இல் பாரிசில் நடேஷ்டா டோப்ரோவோல்ஸ்கயா-சவட்ஸ்கயா என்ற ஆய்வாளர் குட்டைவால் சுண்டெலிகளைப் பற்றி அறிவித்தார். அவற்றை இயற்கையில் பிடித்த சுண்டெலிகளோடு இணைத்தபோது வாலே இல்லாத குட்டிகள் பிறந்தன. டி-ஹாப்லோடைப்பின் தடயம் அப்படித்தான் வெளிப்பட்டது. ஒரு பிரதியைச் சுமக்கும் ஆண் சுண்டெலி, அதைத் தன் குட்டிகளில் 95 விழுக்காடு வரை கடத்திவிடுகிறது. எப்படி என்பதுதான் இந்த இயலிலேயே என்னை மிகவும் வியக்க வைக்கும் பகுதி.

விந்தணுக்கள் உருவாகும்போது, ஒன்றிலிருந்து பிரிந்த உயிரணுக்கள் முழுவதுமாகப் பிரிந்துவிடுவதில்லை. மெல்லிய சைட்டோபிளாசப் பாலங்களால் இணைந்தே வளர்கின்றன. ஒன்றில் உருவாகும் ஆர்.என்.ஏ.வும் புரதமும் அப்பாலங்கள் வழியே மற்றவற்றுக்கும் போகின்றன. அதனால், ஒவ்வொரு விந்தணுவிலும் தந்தையின் மரபணுக்களில் பாதியே இருந்தாலும், எல்லா விந்தணுக்களும் ஏறத்தாழ ஒரே திறனுடன் நீந்துகின்றன. டி-ஹாப்லோடைப் இந்தப் பொதுவுடைமையைத் தனக்குச் சாதகமாகத் திருப்பிக்கொள்கிறது. அதிலுள்ள திரிப்பான்கள் என்ற மரபணுக்களின் விளைவு எல்லா விந்தணுக்களையும் தாக்குகிறது. வாலின் அசைவை ஒழுங்குபடுத்தும் ஸ்மோக் என்ற நொதி இதனால் அளவுமீறித் தூண்டப்பட, விந்தணு நேராக முன்னேற முடியாமல் தடுமாறுகிறது. அதே தொகுதியில் ஸ்மோக்கின் வீரியம் குன்றிய வடிவம் ஒன்றை உண்டாக்கும் மரபணுவும் உள்ளது. அந்த வடிவம் மிகைத் தூண்டலைத் தணித்துவிடுகிறது. மற்றப் பொருள்களெல்லாம் பாலம் கடந்து பகிரப்பட, இந்த மாற்று மருந்து மட்டும் உருவான உயிரணுவுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஊர்க் கிணற்றில் நஞ்சைக் கலந்துவிட்டு முறிமருந்தைத் தன் வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்வதற்கு ஒப்பான செயல் இது.

நஞ்சும் முறிமருந்தும் பிரிந்துபோனால் சூழ்ச்சி குலைந்துவிடும். அப்படி நேராமல், குரோமோசோமின் அப்பகுதியில் தலைகீழாகத் திரும்பியுள்ள துண்டுகள் மரபணுப் பரிமாற்றத்தைத் தடுத்து, தொகுதி முழுவதையும் ஒன்றாகக் கட்டிவைக்கின்றன. இரண்டு பிரதிகளையும் பெற்ற ஆணில் நஞ்சின் அளவு முறிமருந்தால் தாங்க முடியாததாகிவிடுவதால் அது மலடாகிறது. சில வகை டி-ஹாப்லோடைப்புகளில் அத்தகைய கரு பிறப்பதே இல்லை. இந்தத் தன்னல மரபணுத் தொகுதி சுண்டெலி இனம் முழுவதையும் கைப்பற்றாமல் இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் பால் தாமஸின் குழு, இந்த இயற்கைச் சூழ்ச்சியின் முதுகில் கிரிஸ்பரை ஏற்றி, 2022இல் முடிவுகளை வெளியிட்டது. டி-ஹாப்லோடைப்பில் பொருத்திய கிரிஸ்பர், பெண்ணின் கருவளத்துக்குத் தேவையான புரோலாக்டின் மரபணுவை ஆணின் இனப்பெருக்க உயிரணுக்களில் சிதைக்கிறது. அந்த மரபணுவின் சிதைந்த பிரதிகள் இரண்டைப் பெறும் பெண் மலடாகிறது. ஆணுக்கு அதனால் பாதிப்பில்லை, அது தொடர்ந்து பரப்பிக்கொண்டே இருக்கும். 2 லட்சம் சுண்டெலிகள் உள்ள தீவில் ஏறத்தாழ 250 மாற்றப்பட்ட சுண்டெலிகளை விட்டால், சுமார் 20 ஆண்டுகளில் அந்த இனத்தொகையே அற்றுப்போகும் என்று அவர்களின் கணினி மாதிரி காட்டியது. இது மாதிரிக் கணக்கு என்பதை மறக்கக் கூடாது. ஒரே பெண் பல ஆண்களோடு இணையும்போது, பாதி விந்தணுக்கள் ஊனமுற்ற ஆண் போட்டியில் தோற்க நேரும். அது பரவலின் வேகத்தைக் குறைக்கும். டி-ஹாப்லோடைப் வீட்டுச் சுண்டெலிக்கே உரியது என்பதால், கறுப்பெலிக்கும் பழுப்பெலிக்கும் இவ்வழி அப்படியே பொருந்தாது.

இனி, வாசகர் கேட்டதன் இரண்டாம் பாதி. கப்பலில் ஏறித் தீவுக்கு வந்த சுண்டெலி, கப்பலில் ஏறி வெளியேயும் போகலாம். தன் தாயகத்தில் அது அழிக்கத்தக்க உயிர் அன்று. ஆகவே இதை ஒரு ஆய்வகமோ ஒரு நாடோ தனியாக முடிவுசெய்ய முடியாது. தீவுப் பாதுகாப்பு அமைப்பான ஐலண்ட் கன்சர்வேஷன், அடிலெய்டு, வட கரோலினா மாநில, டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகங்கள், ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ., நியூசிலாந்தின் லேண்ட்கேர் ரிசர்ச், அமெரிக்க வேளாண் துறை ஆகியவை ‘ஜிபேர்ட்’ என்ற கூட்டமைப்பில் சேர்ந்ததற்கு இதுவே அடிப்படை. மரபணுவை மாற்றுபவரும், தீவின் சூழலியலை அறிந்தவரும், இடர் மதிப்பிடுபவரும், அங்கு வாழும் மக்களிடம் பேசுபவரும் தொடக்கத்திலிருந்தே ஒரே மேசையில் அமரும் இந்த ஏற்பாட்டை, கிரிஸ்பருக்கு இணையான முக்கியத்துவம் உடையதாகவே நான் கருதுகிறேன். 2018இல் எகிப்தின் ஷார்ம் அல் ஷேக்கில் கூடிய உயிரியல் பன்மய உடன்படிக்கை மாநாடும், மரபணு உந்தத்தை வெளியிடும் முன் பாதிக்கப்படக்கூடிய பழங்குடி மக்களின் ஒப்புதலை நாட வேண்டும் என்றது.

இந்த ஆய்வுகளின் ஒரு பகுதிக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் டார்பா நிறுவனம் 2017இல் தொடங்கிய திட்டத்தின் வழியே பணம் வந்தது. மரபணு மாற்றங்களைக் கட்டுக்குள் வைக்கும் வழிகளை உருவாக்குவதே அத்திட்டத்தின் நோக்கம் என்றாலும், இராணுவப் பணம் கலந்த இடத்தில் மக்களின் ஐயம் எழுவது இயல்பு. அதை அறியாமை என்று ஒதுக்குவது நேர்மையாகாது. பறவைகளைக் காக்கும் ஆய்வுக்குச் சுற்றுச்சூழல் துறைகள்தாம் செலவிட வேண்டும். அவை கைவிரித்ததால்தான் ஆய்வாளர்கள் வேறு கதவுகளைத் தட்ட நேர்கிறது.

பரவலுக்கு எல்லை கட்டும் வழியும் வடிவமைப்பிலேயே தேடப்படுகிறது. சில சுண்டெலிகள் மட்டும் வந்திறங்கிப் பெருகிய தீவில், ஒரு மரபணுவின் குறிப்பிட்ட ஒரு வடிவமே எல்லாச் சுண்டெலிகளிலும் நிலைத்துவிடுவது உண்டு. நிலப்பரப்பில் வாழ்பவற்றிலோ பல வடிவங்கள் கலந்திருக்கும். தீவில் நிலைத்த வடிவத்தை மட்டும் கிரிஸ்பர் வெட்டும்படி அமைத்தால், தப்பிப் போன சுண்டெலி வெளியே ஓரளவுக்கு மேல் பரப்ப முடியாது. இதற்கு ஒவ்வொரு தீவின் சுண்டெலிகளையும், அவற்றின் மூதாதையர் வந்த நிலப்பரப்பின் சுண்டெலிகளையும் பிடித்து, மரபணு வரிசையைப் படித்து ஒப்பிட வேண்டும். அதன்பின் பூட்டிய வளாகங்களில் பல தலைமுறைகள் வளர்த்துப் பார்க்க வேண்டும். இதுவரை உலகில் எந்தத் தீவிலும் மரபணு உந்தம் ஏற்றிய சுண்டெலி விடப்படவில்லை. இந்தப் படிகள் முடியும் வரை விடவும் கூடாது என்பதே என் கருத்து.