கருப்பை அகற்றலும் தாமதமாகத் தெரியும் சூட்டுக்காயமும்

வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கேமரா வழியே பார்த்துச் செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையில் கருப்பையை அகற்றிக்கொண்டு ஓரிரு நாளில் வீடு திரும்பியவரைப் பார்க்க வரும் உறவினர்கள், "சின்ன ஆபரேஷன்தானே" என்பார்கள். சின்னவை வயிற்றிலிருக்கும் துளைகள் மட்டும்தான். வயிற்றைக் கிழித்துச் செய்யும்போது அறுபடும் அதே திசுக்கள்தான் இதிலும் அறுபடுகின்றன. அமெரிக்க மருத்துவர் ஹாரி ரைக் 1988-இல் இதை முதன்முதலாகச் செய்தபோதும் நிலைமை இதுதான்.

கருப்பைக்கு இரத்தம் கொண்டுவரும் தமனியை மூடாமல் கருப்பையை எடுக்க முடியாது. அந்தத் தமனிக்குக் கீழே, கருப்பை வாயிலிருந்து ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் தள்ளி, சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வரும் யூரிட்டர் குழாய் ஓடுகிறது. 'பாலத்துக்கு அடியில் தண்ணீர்' என்று மருத்துவ மாணவர்கள் மனப்பாடம் செய்வது இதைத்தான். மின்கருவியால் தமனியைச் சுட்டு மூடும்போது வெப்பம் சில மில்லிமீட்டர் பக்கவாட்டில் பரவும். குழாய் வெட்டுப்பட்டால் மேசையிலேயே கண்டுபிடித்துவிட வாய்ப்புண்டு. சூடுபட்டாலோ அன்று ஒன்றும் தெரியாது. குழாயின் சுவர் மெல்ல நைந்து, ஒன்றிரண்டு வாரத்தில் ஓட்டை விழும். சிறுநீர் வயிற்றுக்குள்ளோ பிறப்புறுப்பு வழியாகவோ கசியும்.

இதைத் தடுக்கப் பிறப்புறுப்பு வழியே ஒரு கருவியைச் செலுத்திக் கருப்பையை மேல்நோக்கித் தள்ளிப் பிடிக்கிறார்கள். தமனிக்கும் குழாய்க்கும் இடைவெளி கூடுகிறது. சூட்டையும் தொடர்ந்து தராமல், இடைவெளி விட்டுச் சிறிது நேரமே தருகிறார்கள். முடிவில் சிறுநீர்ப்பைக்குள் கேமராவை விட்டு, இரு பக்கமும் சிறுநீர் பீய்ச்சி வருகிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. நல்ல பழக்கம்தான்; ஆனால் சூட்டுக்காயம் அந்தக் கண்ணுக்கும் தப்பிவிடலாம்.

அடுத்த கவலை, கருப்பை வாய் போனபின் பிறப்புறுப்பின் மேல்முனையில் போடும் தையல். கருகிய ஓரத்தில் தைத்தால் ஒட்டாது என்பதால், அதைத் தாண்டி நல்ல சதையில் ஊசி போக வேண்டும். இந்தத் தையல் பிரிவது அரிது. பிரிந்தால் குடலே இறங்கி வரலாம். குறைந்தது 6 முதல் 8 வாரம் உடலுறவு கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, மலச்சிக்கலோடு முக்கக் கூடாது என்பதெல்லாம் இதற்காகத்தான். முதல் விஷயத்தைக் கணவரிடம் மருத்துவரே நேரில் சொல்லிவிடுவது நல்லது.

தோள்பட்டை வலி பெரும்பாலும் வயிற்றில் செலுத்திய வாயுவின் வேலை. சில நாளில் போய்விடும். கால் இரத்தக்குழாயில் இரத்தம் உறையாதிருக்க, சீக்கிரமே எழுந்து நடக்க வேண்டும்.

காய்ச்சல், விலாப்பக்க வலி, கூடிக்கொண்டே போகும் வயிற்று உப்பல், தண்ணீர் போன்ற கசிவு ஆகியவை பத்தாம் நாளில் வந்தாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். கசியும் நீரில், சிறுநீரில் மிகுதியாக இருக்கும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் அளவைச் சோதித்தால், அது சிறுநீர்தானா என்று தெரிந்துவிடும்.